இரண்டு கோடும் ஒரு கோடும்
பிள்ளையின் சிறுநீரைச் சோதிக்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை



குடும்ப நலம் என்றதும் கர்ப்பிணி கவனிப்பு, தடுப்பூசி, இரண்டு பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி, இவைதான் உங்கள் நினைவுக்கு வரும். பெற்ற பிள்ளை நல்லபடியாக ஆளாகும் வரை அந்த வேலை முடிவதில்லை. மீசை அரும்புகிற வயதில் பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சேருகிறான் என்ற கவலை இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. மகளைப் பெற்றவர்களுக்கும் இந்தக் கவலை உண்டு.

"சார், மூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் கஞ்சா தெரியுமாமே, அந்த அட்டை எங்கே கிடைக்கும்?" என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரக் கிராமங்களில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அட்டை கிடைக்கிறது. மருந்துக் கடையில் விற்கிறது, செல்போனில் ஆர்டர் கொடுத்தாலும் வருகிறது. வாங்குவது சுலபம். அது சொல்வதைப் புரிந்துகொள்வதும், அதற்குப் பிறகு பிள்ளையிடம் நடந்துகொள்வதுந்தான் கஷ்டம். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

இரண்டு வீடுகளில் நடந்தது

முதலாவது, ராஜபாளையத்தை அடுத்த ஒரு கிராமம். தகப்பனாருக்கு மில்லில் ஷிப்டு வேலை. தாயார் பேண்டேஜ் தறிக்குப் போகிறவர். மகன் பிளஸ் ஒன். காலையில் கண் சிவந்து எழுந்திருக்கிறான், சாப்பாட்டில் மனம் இல்லை, கேட்டால் எரிந்து விழுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "மாந்தோப்புப் பக்கம் பசங்க கூட்டமா உக்காந்திருக்காங்க, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். தகப்பனார் அட்டை வாங்கி வந்தார். "மஞ்சக்காமாலை இருக்கான்னு பாக்கணும்யா" என்று பொய் சொல்லித் தாயார் சிறுநீர் வாங்கினார். அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் இரண்டு கோடு என்றால் 'உண்டு' என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். ஆகவே இதற்கும் அதே கணக்குத்தான் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். தகப்பனார் பெல்ட்டைக் கழற்றினார். பையன் அன்று இரவே வீட்டை விட்டுப் போனான். மூன்றாம் நாள்தான் சித்தப்பா வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள்.

அவர்கள் பத்திரமாக வைத்திருந்த அட்டைப் பெட்டியை நான் வாங்கிப் பார்த்தேன். போதைச் சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் 'இல்லை' என்று அர்த்தம்! பையன் கஞ்சாவைத் தொட்டதற்கு அத்தாட்சியே இல்லை. இரவெல்லாம் போர்வைக்குள் செல்போனில் விளையாடிக் கண் சிவந்திருக்கிறது. அதுவும் கண்டிக்க வேண்டிய பழக்கந்தான். ஆனால் பெல்ட்டால் அடிக்க வேண்டிய குற்றமா? அவன் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அப்பா அடிச்சது கூடப் பரவாயில்லை சார், அம்மா பொய் சொல்லிட்டாங்க."

இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். அந்த வீட்டிலும் சந்தேகம், அந்த வீட்டிலும் அட்டை. இவர்கள் பெட்டியில் எழுதியிருந்ததைச் சரியாகப் படித்தார்கள். 'இல்லை' என்று வந்தது. "அப்பாடா!" என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள். லீவு நாளில் பெயிண்ட் வேலைக்குப் போய்வந்த அந்தப் பையன் துணியில் தின்னரை நனைத்து முகர்ந்துகொண்டிருந்தான். தின்னரை அந்த அட்டை காட்டாது. ஒரு நாள் கண்மாய்க் கரையில் மயங்கிக் கிடந்தவனை ஆடு மேய்க்கப் போனவர்கள் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தான். சிகிச்சை பெற்று இப்போது தொழிற்பயிற்சி படிக்கிறான். ஆனால் வீணாகப் போன அந்த ஐந்து மாதமும் அட்டை கொடுத்த நிம்மதியில் போனவை.

ஒரு வீட்டில் அட்டையைத் தவறாகப் படித்தார்கள். மற்ற வீட்டில் சரியாகப் படித்தும் அதை அளவுக்கு மீறி நம்பினார்கள். இரண்டு வீட்டிலும் அட்டைக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று விட்டுப் போயிற்று. பிள்ளையோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

அட்டை எப்படி வேலை செய்கிறது?

அட்டையில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அட்டை நல்ல நிலையில் இருக்கிறதா என்று காட்டும் இடம். மற்றது, போதைப்பொருளைப் பார்க்கும் இடம்.

கர்ப்பம் பார்க்கும் அட்டையில், சிறுநீரிலுள்ள கர்ப்ப ஹார்மோன் சாயத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் கர்ப்பம் இருந்தால் கோடு விழும். போதை அட்டையில் நடப்பது நேர்மாறு. சிறுநீரில் போதைப்பொருளின் மிச்சம் இருந்தால், சாயம் அங்கே ஒட்டவிடாமல் அது தடுத்துவிடும். அதனால் போதைப்பொருள் இருந்தால் கோடு விழாது.

ஆகவே:

1. இரண்டு இடத்திலும் கோடு விழுந்தால், அந்த அட்டை பார்க்கும் பொருள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இல்லை. பொருளைப் பார்க்கும் இடத்தில் கோடு மங்கலாக இருந்தாலும் 'இல்லை' என்றே கொள்ள வேண்டும்.

2. அட்டையின் நிலையைக் காட்டும் இடத்தில் மட்டும் ஒரு கோடு விழுந்தால் 'இருக்கலாம்' என்று அர்த்தம். 'இருக்கிறது' என்று அல்ல.

3. அட்டையின் நிலையைக் காட்டும் இடத்தில் கோடே விழாவிட்டால் அந்த அட்டை செல்லாது.

பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். வழக்கமாக அது 5 நிமிஷம். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காலாவதித் தேதி கடந்த அட்டையையும், ஈரம் பட்ட அட்டையையும் நம்பக் கூடாது.

'குறிப்பிட்ட அளவு' என்றேனே, அது என்ன? கஞ்சாவுக்கு வழக்கமான அட்டைகளில் ஒரு மில்லி சிறுநீருக்கு 50 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அதற்குக் கீழே இருந்தால் அட்டை 'இல்லை' என்றே காட்டும். தண்ணீர் நிறையக் குடித்துச் சிறுநீர் நீர்த்திருந்தாலும் அப்படியே காட்டக்கூடும்.

எத்தனை நாள் தெரியும்?

கஞ்சா கொழுப்பில் தங்கும் பொருள். என்றோ ஒரு முறை புகைத்தவருக்கு ஏறக்குறைய 3 நாள் வரை சிறுநீரில் தெரியலாம். தினமும் புகைத்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் தெரியலாம். அபின் வகைகள் 2, 3 நாளில் போய்விடும். சாராயம், பிராந்தி போன்றவை சில மணி நேரத்திலேயே சிறுநீரிலிருந்து மறைந்துவிடும்.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது என்ன? அட்டையில் 'இருக்கலாம்' என்று வந்தாலும், பிள்ளை எப்போது எடுத்தான், எத்தனை முறை எடுத்தான், அடிமையாகிவிட்டானா என்பதெல்லாம் அதில் தெரியாது. மனம் திருந்தி இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்ட பிள்ளையையும் அது காட்டிக்கொடுத்துவிடும். "நான் விட்டுட்டேம்மா" என்று அவன் உண்மையைச் சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்!

அட்டை பிடிக்காதவை எவை?

ஒவ்வொரு அட்டையும் அதன் மேல் எழுதியிருக்கும் பொருளை மட்டுமே பார்க்கும். பெயிண்ட் தின்னர், ஒயிட்னர், பெட்ரோல், பசை ஆகியவற்றை முகர்வதை இந்த அட்டைகள் காட்டா. டிரமடால், டாப்பென்டடால் போன்ற வலி மாத்திரைகளைச் சாதாரண அபின் அட்டை பெரும்பாலும் காட்டாது. உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலத்தையும் காட்டாது.

இது சின்ன விஷயம் அல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-இல் வெளியாயிற்று. முகரும் பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் நூற்றுக்கு 0.58 பேர். 10 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிலோ நூற்றுக்கு 1.17 பேர், அதாவது இரண்டு மடங்கு. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் நாடும் பொருளை அட்டையால் காண முடிவதில்லை.

அட்டை தப்பாகக் காட்டுமா?

காட்டும். கசகசா அரைத்துவிட்ட குருமாவோ பாயசமோ நிறையச் சாப்பிட்டிருந்தால் அபின் அட்டை 'இருக்கலாம்' என்று சொல்லக்கூடும். கசகசா அபின் செடியின் விதைதானே! கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலும் அப்படியே. சில ஜலதோஷ மாத்திரைகள் வேறொரு போதைப்பொருள் போலத் தோன்றச் செய்யும். அதனால்தான் டாக்டர்கள் அட்டையை வைத்து முடிவு சொல்வதில்லை. பிள்ளை சாப்பிட்ட மருந்துகளை விசாரித்து, தேவைப்பட்டால் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேறு முறையில் உறுதி செய்கிறார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய அட்டைகள் வீடுகளில் புழங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், பெற்றோர் வீட்டிலேயே இப்படிச் சோதிப்பதை ஆதரிக்கவில்லை. சோதனையைச் சரியாகச் செய்வதும் படிப்பதும் கடினம், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள நம்பிக்கை கெடலாம் என்பவை அவர்கள் சொன்ன காரணங்களில் சில. நம் ஊர் அனுபவமும் அதேதான்.

அப்படியானால் நாங்கள் என்ன செய்வது?

முதலில், கணவன் மனைவி இருவரும் தனியே பேசிக்கொள்ளுங்கள். ஆடிப்பூரத்தில் ஆண்டாள் கோயில் தேர் எப்படி நகருகிறது? வடம் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக இழுப்பதால் நகருகிறது. வீட்டில் அப்பா அடிக்கிறவராகவும், அம்மா ஒளித்துக் காசு கொடுக்கிறவராகவும் இருந்தால் பிள்ளை இருவருக்கும் நடுவே நழுவிவிடுவான். "ஏங்க, நான் பேசுறப்ப நீங்க கத்தக் கூடாது" என்று மனைவி சொல்லட்டும். "நீயும் எனக்குத் தெரியாம அவனுக்குப் பணம் குடுக்காதே" என்று கணவர் சொல்லட்டும். ஒப்பந்தம் ஆன பிறகு பிள்ளையை அழையுங்கள்.

இரண்டாவது, அடையாளங்களை நிதானமாகக் கவனியுங்கள். அடிக்கடி கண் சிவப்பு, உடையில் புது வாசனை, வாயைச் சுற்றித் தடிப்பு, மாத்திரை உரித்த தாள், ஈறில் வெள்ளைப் படலம், கையில் ஊசித் தடம், வீட்டில் பணம் காணாமற் போவது, பழைய சிநேகிதர்களை விட்டு விலகுவது, படிப்பில் திடீர் சரிவு, இவற்றில் பல சேர்ந்து வந்தால் விசாரிக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பரீட்சைப் பயம், காதல், மனச்சோர்வு, பள்ளியில் யாரோ துன்புறுத்துவது என்று வேறு காரணமும் இருக்கலாம். அதையும் தெரிந்துகொள்ள வேண்டியது நம் கடமையே.

மூன்றாவது, பேசும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். நீங்கள் கோபத்தில் இருக்கும்போதும் பேசாதீர்கள். பால்கோவா கிண்டுகிறவர்களுக்குத் தெரியும், அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடி பிடித்துவிடும். சாப்பிட்டு முடித்து, தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு, இப்படித் தொடங்கலாம்:

"ஏய்யா, ஒரு மாசமா நீ சரியா சாப்பிடலை. கண்ணு செவந்து கெடக்கு. எங்களுக்குப் பயமா இருக்கு. உன்னை அடிக்கப் போறதில்லை. என்ன நடக்குதுன்னு சொன்னா மூணு பேருமா சேந்து பாத்துக்கலாம்."

அவன் முதல் நாளே சொல்ல மாட்டான். பரவாயில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டீர்கள், அது போதும். மறுபடியும் பேசலாம்.

நான்காவது, தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் குடித்துவிட்டு வந்து, "நீ கஞ்சா அடிக்கிறியாடா?" என்று மகனை அதட்டினால் அந்த வார்த்தைக்கு எடை உண்டா? பிள்ளைக்காகச் சிகிச்சைக்கு வருகிறபோது, தானும் குடியை நிறுத்தச் சிகிச்சை கேட்ட தகப்பனார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த வீட்டுக்கு விமோசனம் அங்கே தொடங்குகிறது.

ஐந்தாவது, சந்தேகம் வலுத்தால் டாக்டரிடம் போங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிகளிலோ கேட்டால் மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பார்க்க வழி சொல்வார்கள். 2022-இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன. சிறுநீர்ச் சோதனை தேவை என்று டாக்டர் கருதினால், எதற்காக என்று பிள்ளைக்குச் சொல்லி, அவன் சம்மதத்தோடு அங்கே செய்யட்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு, முன்னேற்றத்தைப் பார்க்கச் சோதனை நல்ல துணை. ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று வருவது பிள்ளைக்கே தெம்பு தரும். அதே சோதனை ஒளித்துச் செய்தால் உளவு ஆகிறது. சொல்லிச் செய்தால்தான் வைத்தியம் ஆகிறது.

வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்

சில பெற்றோர் பிள்ளையை அறையில் பூட்டி, "தானா தெளிஞ்சுடுவான்" என்று இருக்கிறார்கள். நாள்பட்ட குடிப்பழக்கத்தையும் சில தூக்க மாத்திரைகளையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தனியார் மையத்தில் சேர்ப்பதானால், அரசாங்கப் பதிவு பெற்றதா, டாக்டர் இருக்கிறாரா, பெற்றோர் வந்து பார்க்க விடுவார்களா என்று விசாரியுங்கள். கட்டி வைத்து அடிக்கும் இடம் சிகிச்சைக்கான இடமல்ல.

பிள்ளை தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். என்ன சாப்பிட்டான் என்று தெரிந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"போலீசு கேசு ஆயிடுமே சார்?"

இந்தப் பயத்தால் பல பெற்றோர் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. சிகிச்சை தருவதே டாக்டரின் வேலை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிகிச்சை நாடுகிறவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. போதைப்பொருளை உபயோகித்ததாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய அடிமை ஒருவர், தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். மறுபுறம், பிள்ளைகளுக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பவரைப் பற்றித் தகவல் தர 10581 என்ற எண் இருக்கிறது.

அடிமைத்தனம் ஒரு நோய். சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின், 1980-இல் டி.டி. ரங்கநாதன் சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை கொடுக்கிறார்கள். ஏன்? நோய் ஒருவருக்கு வந்தாலும் படுவது வீடு முழுவதும் என்பதால். இரண்டாம் முறை, மூன்றாம் முறை தவறி விழுந்தாலும் மனம் உடைய வேண்டாம். சர்க்கரை நோய் திரும்ப ஏறினால் பிள்ளையைக் கைவிடுகிறோமா?

முதலில் சொன்ன ராஜபாளையத்துத் தகப்பனார் பிறகு என்ன செய்தார் தெரியுமா? மகன் முன்னால், "தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்று சொன்னார். தாயாரும் பொய் சொன்னதற்கு வருந்தினார். பையன் உடனே பேசிவிடவில்லை, மாதக் கணக்கானது. ஒரு நாள் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த அப்பாவுக்கு அவனே தட்டு எடுத்து வைத்தான்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. போதை அட்டையில் இரண்டு கோடு என்றால் 'இல்லை'. ஒரு கோடு என்றால் 'இருக்கலாம்', டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.
2. 'இல்லை' என்று வந்தாலும் பிள்ளையைக் கவனிப்பதை நிறுத்தக் கூடாது.
3. பொய் சொல்லியோ அடித்தோ சிறுநீர் வாங்கக் கூடாது.
4. கணவன் மனைவி ஒரே பேச்சாக இருக்க வேண்டும்.
5. வீட்டில் பூட்டி வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும்.

கட்டணமில்லாத தொலைபேசி: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. அவசர ஆம்புலன்சுக்கு 108.

இன்றிரவு கணவன் மனைவி இருவரும் பேசிப் பார்க்க

நம் பிள்ளையின் நெருங்கிய சிநேகிதர் மூவர் பெயர் நமக்குத் தெரியுமா? கடைசியாக அவனோடு திட்டாமல் பத்து நிமிஷம் பேசியது எப்போது? அவன் ஒரு தப்பைச் செய்துவிட்டால், முதலில் நம்மிடம் வந்து சொல்வானா?

மூன்றாவது கேள்விக்கு "சொல்லுவான்" என்று இருவரும் மனதாரச் சொல்ல முடிந்தால், உங்களுக்கு அட்டை தேவைப்படாது. முடியாவிட்டால், வாங்க நினைத்த அந்தக் காசை ஒதுக்கி வைத்துவிட்டு, நாளைக் காலை அவனோடு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.